அவசரக்காரியின் புகையிலை

போன வருடம் கொள்முதல் கூடத்தில் தரம் பிரிக்கிறவர் அவளுடைய புகையிலைக் கட்டைப் பிரித்தார். மஞ்சளுக்கு நடுவே திட்டுத் திட்டாகப் பச்சை. "பழுக்கறதுக்குள்ள ஒடிச்சிருக்கே. அப்படி என்னம்மா அவசரம்?" என்று மொத்தத்தையும் கடைசிக் குவியலில் தள்ளினார். கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் அவசரக்காரி. குழாயடியில்கூட, "அவசரக்காரி வர்றா, வழிய விடுங்கடி" என்றார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெயரைத் துடைத்தெறியாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

இந்த வருடம் மொட்டு தலைகாட்டியதுமே கிள்ளிப் போட்டாள். "பூத்தா அழகா இருக்குமே" என்றான் கணவன்.

"அழகு பாக்கணும்னா என்னைப் பாருங்க. சத்தெல்லாம் இலைக்குப் போகட்டும்."

கிள்ளிய செடி சும்மா இருக்குமா? இலைக்கு இலை இடுக்கில் துளிர் விட்டது. வாரம் தவறாமல் அதையும் ஒடித்தாள். விரலில் ஏறிய பிசின் எந்தச் சோப்புக்கும் மசியவில்லை.

இலை வாட்டும் கொட்டகை நான்கு வீட்டுக்குப் பொது. புதன்கிழமை அவள் முறை வந்தது. அடியிலையில் பச்சை மாறவில்லை. போன வருடம் முறையை விட மனமில்லாமல் ஒடித்துத்தான் அந்தப் பெயரை வாங்கினாள்.

"முறைய விட்டா இன்னும் ஆறு நாள் ஆகும். வானத்தப் பாரு. மழை அடிச்சா எல்லாம் போச்சு" என்றான் கணவன்.

"போனாப் போகட்டும். பின்வீட்டுக்கு விட்டுக் குடுத்துடுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, ஆறு நாளும் மேகத்தை முறைத்துக்கொண்டே திரிந்தாள். மழை நாலு தூறலோடு போய்விட்டது. ஏழாம் நாள் அடியிலை வெளிர் மஞ்சளாகி நடு நரம்பு வெளுத்திருந்தது. செடிக்கு மூன்றே இலை ஒடித்தார்கள். நான்காவதில் கை வைத்த கணவனுக்குப் புறங்கையில் ஒரு தட்டு விழுந்தது. மேலிலைகளையும் அப்படித்தான், பழுக்கப் பழுக்க, அடுக்கடுக்காக எடுத்தாள்.

தரம் பிரிக்கிற நாள் வந்தது. அதே ஆள், அதே கூடம், அதே கூட்டம். மேல் கட்டை மட்டும் பிரித்துத் தடவி, முகர்ந்து, முதல் குவியலைக் காட்டினார்.

"முதல் தரம். அடுத்த ஆள் வாங்க."

அவள் நகரவில்லை.

"மிச்சக் கட்டையும் பிரிங்க."

"அதான் சொல்லிட்டேனேம்மா!"

"எல்லாரும் பாக்க ஒவ்வொண்ணாப் பிரிங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."