கல்வராயன் மலைப் புழுவும் நான் தளர்த்திய மூடியும்

என் மனைவி சிவசங்கரிக்கு மண்புழுவைப் பற்றித் தெரிந்ததில் பாதிகூட என்னைப் பற்றித் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என்னிடம் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. களிமண் கூழை அச்சில் ஊற்றி, பொம்மையைப் பிரித்தெடுத்து, காயவைத்து, சூளைக்கு அனுப்புவேன். அவள் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். எந்த வருடம் வேண்டாம் என்று சொல்வார்களோ தெரியாது. வயது நாற்பத்தொன்று. முனைவர் பட்டத்துக்காக ஒன்பது வருடமாக மண்புழு தோண்டுகிறாள்.

அவள் பிறந்தது கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு அவள் அப்பாவின் நிலம் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தென்னைக்கு இவ்வளவு, கிணற்றுக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டு போனார்களாம். "மண்ணுக்குள்ள என்னா இருந்துச்சுன்னு ஒருத்தரும் எழுதல. பேரில்லாதது போனா, போனதே யாருக்கும் தெரியாதுங்க" என்பாள். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன அக்டோபர் மழையில், கல்வராயன் மலையில் ஒரு சோலைக்காட்டில் அந்தப் புழு அவள் கையில் கிடைத்தது. நீலம் கலந்த கறுப்பு. ஒரு சாணுக்கு மேல் நீளம். தொட்டால் துள்ளும். எந்தப் பட்டியலிலும் அது இல்லை. தோண்டியதில் பதினேழு கிடைத்தன. அதில் பதினாறு குட்டிகள். ஒன்றுக்கு மட்டும் தலைப்பக்கத்தில் மோதிரம் போட்டதுபோல் தடித்த பட்டை இருந்தது.

"பட்டை இருந்தாத்தான் வளந்த புழு. குட்டிய வச்சிப் புது இனம்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. இது ஒண்ணுதான் சாட்சி" என்றாள். கெடாமல் இருக்கப் பதினேழையும் தனித்தனிச் சீசாவில் ஆய்வுக்கூடச் சாராயத்தில் போட்டு ஒரு பெட்டியில் அடுக்கியிருந்தாள். சோலையின் ஓரத்தில் ரோடு போட அளவுக்கல் நட்டிருந்தார்களாம். அடுத்த மழைக்கு அந்த இடம் இருக்குமோ இருக்காதோ என்ற பயம் அவளை உலுக்கிக்கொண்டிருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க மார்ச் கடைசி நாள். அதற்கு மேல் அவகாசம் இல்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது.

புழுவுக்குப் பெயர் வைப்பது குழந்தைக்குப் பெயர் வைப்பது போல் காதில் மூன்று முறை சொல்லும் காரியம் இல்லை. முதலில் அதை அங்குலம் அங்குலமாக எழுத்தில் வடிக்க வேண்டும். சமையலறை மேசையில் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு வளையங்களை எண்ணுவாள். எந்த வளையத்தில் துளை, எதில் முடி, பட்டை எதில் தொடங்கி எதில் முடிகிறது என்று அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். மூன்று முறை எண்ணியும் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தபோது, பிள்ளை பாஸானதுபோல் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தானோ என்னவோ, அது எனக்கு மறக்கவில்லை.

வெளிப்பக்கம் முடிந்தது. முதுகைக் கீறி உள்ளே இருப்பதைப் பார்த்து எழுதுவதுதான் பாக்கி. அதற்குக் கல்லூரி நுண்ணோக்கி வேண்டும். அதற்குள் கடலூரில் விடைத்தாள் திருத்தும் முகாம் வந்து நின்றது. "சாராயத்துல இருக்குது, ஒண்ணும் ஆவாது. வந்து பாத்துக்கறேன். போயிட்டு வரேங்க" என்று சொல்லிப் போனாள்.

அவள் போன மறுநாள் விடாமல் மழை. மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்து எங்கள் தெருவுக்குள் புகுந்தது. மத்தியானத்துக்குள் வீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். எங்கள் தெருக்காரர்களுக்கு மழைக்காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. நனையக் கூடாதது எதுவானாலும் பட்டறையில் சூளையை ஒட்டி இருக்கும் காயவைக்கும் அறைக்குக் கொண்டுபோய்விடுவோம். பள்ளிச் சான்றிதழ், பட்டுப்புடவை, அரிசி எல்லாம் அங்கே இருக்கும். நானும் அவளுடைய புழுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். பெரிய வீரன் என்ற நினைப்பு.

அதோடு விட்டிருக்கலாம். பெட்டியை அலமாரியில் வைத்ததும் சீசாக்களைப் பார்த்தேன். எல்லாம் இறுக்கி மூடியிருந்தன. உள்ளே கூடாக இருக்கும் எதையும் அடைத்துச் சூட்டருகில் வைத்தால் வெடிக்கும். பொம்மையின் அடியில் துளை போடாமல் நாங்கள் சூளைக்கு அனுப்பவே மாட்டோம். இருபத்திரண்டு வருடக் கை அது. பதினேழு சீசாவின் மூடியையும் ஒவ்வொன்றாக அரைத் திருகு தளர்த்தினேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்.

வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவுவதிலேயே இரண்டு நாள் போயிற்று. நான்காம் நாள் அவள் வந்தாள். பெட்டியைத் திறந்தபோது, சூளைச் சூட்டில் சாராயம் ஆவியாகி, சீசாக்களில் சொட்டுக்கூட இல்லை. குட்டிகள் சருகாகிக் கிடந்தன. பெரியது, வெயிலில் கிடந்த புளியங்குச்சிபோல் வளைந்து விறைத்திருந்தது.

"மூடிய யாரு தொறந்தது?" என்று கேட்டாள்.

"நான்தான். வெடிச்சிடுமேன்னு..."

அவள் புழுவை விறைப்பு இளகுவதற்காக மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் பாலகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். அவர் பேசியது எனக்கும் கேட்டது. "வெண்ணெ தெரண்டு வரப்போ தாழி ஒடஞ்ச கதையாப் போச்சேம்மா. உள்ளார ஒண்ணும் தேறாது" என்றார். மறுநாள் எடுக்கும்போது அது மூன்று துண்டாகப் போனது. உள்ளே இருந்தது வெறும் தூள். அவள் அந்தத் தூளையும் காகிதத்தில் தட்டி மடித்து வைத்தாள்.

இன்னொரு பட்டைப் புழுவைத் தேடலாம் என்றால், வனத்துறை அனுமதிக்கு டிசம்பர் முடியும்வரைதான் கெடு. நான் பட்டறைக்கு லீவு போட்டேன். சின்னசேலம்வரை ரயில், அங்கிருந்து மலைக்குப் பஸ். ஆறு நாள் தோண்டினோம். மழை நின்று மண் இறுகத் தொடங்கியிருந்தது. புழுக்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. கடப்பாரை ஆகாது, வெட்டிவிடும் என்று கையாலேயே பறித்தேன். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. கிடைத்தவை எல்லாம் குட்டிகள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் திருப்பிப் பார்ப்பாள், பட்டை இல்லை, திரும்ப மண்ணிலேயே விடுவாள். ஆறாம் நாள் சாயங்காலம், "போதும்ங்க, எழுந்திரிங்க" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. என் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

ஊருக்கு வந்ததும் அவளிடம் சொல்லாமல் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். களவு போனாலும் பங்காளி ஏமாற்றினாலும் எங்கள் பக்கத்தில் சாமியிடம் பிராது எழுதிக் கட்டுவார்கள். தொண்ணூறு நாளில் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. அங்கே எழுதுகிறவர் கேட்டார்.

"பிராது குடுக்கறவரு பேரு?"

"பழமலைநாதன்."

"யாரு மேல?"

"பழமலைநாதன் மேல."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏங்க, வூட்ல எதுனா சண்டையா?"

"சண்ட போட்டாத் தேவலயே. ஒரு வார்த்த திட்ட மாட்டேங்குறா" என்றேன். அவர் எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டைக் கோயில் வேலில் கட்டிவிட்டு வந்தேன்.

தொண்ணூறு நாளும் போயின. எந்தப் புழுவும் வரவில்லை. மார்ச் கடைசியில் ஆய்வேடு அச்சாகி வந்தது. ஒன்பது வருடத்தில் சேர்த்த மற்ற இனப் புழுக்களை வைத்து அவளுக்குப் பட்டம் கிடைத்துவிடும் என்றார்கள். நீலக்கறுப்புப் புழுவின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். நான் நோட்டில் எழுதிய எண்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி.

"இது என்னா?" என்றேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் சொன்னாள். "வளந்த புழு ஒண்ணே ஒண்ணு கெடச்சுது. ஆய்வாளரோட கவனக்குறைவால அது காஞ்சி அழிஞ்சிபோச்சு. அதனால பேரு வெக்க முடியல."

"ஆய்வாளருன்னா யாரு?"

"நான்தான்."

"நீ என்னா பண்ண? மூடியத் தொறந்தது நானு. ஏம் பேரப் போடு. மாத்தி எழுது."

"மாத்த முடியாதுங்க. இது ரொம்ப காலம் இருக்கப்போற புஸ்தவம்" என்றாள். என் கையிலிருந்து அதை வாங்கி மூடினாள். "ஏன் அழிஞ்சிதுன்னு பின்னால எவனாவது படிப்பான். அதுல ஒங்க பேரு இருக்கறத நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."