மான் இழுக்க ஒரு வண்டில்

சுவிஸின் டாவோஸில் காலை பஸ்ஸில் தோளில் துவக்கோடு ஒருவர் ஏறினால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே பஸ்ஸில் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் நண்டுக்கறி ஊற்றுண்டு போச்சோ என்று மூடியைக் கொஞ்சம் தளர்த்தினேனோ, முழு பஸ்ஸும் திரும்பும். ஊரிலிருந்து வாசிக்கிற உங்களுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். எங்கள் ஊரில் துவக்கோடு ஒருவன் பஸ்ஸில் ஏறினால் மூச்சை அடக்கிக்கொண்டு அடையாள அட்டையைத் தேடுவோம். இங்கே வந்த புதிதில் அப்படி ஒரு வேட்டைக்காரரைக் கண்டு, இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கிக் குளிரில் நடந்தவள் நான். இப்போது நானே துவக்கோடு பஸ் ஏறுகிறேன். சிரிக்காதையுங்கோ, சத்தியமான கதை.

நான் இங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். அங்குள்ள கிழவர்களைக் குளிப்பாட்டும்போதும் சவரம் செய்யும்போதும் அவர்கள் கதைப்பது ஒன்றே ஒன்று: வேட்டை. கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை பிடித்தது. வேட்டைச் சோதனைக்குப் படிக்கப்போகிறேன் என்றபோது, "உங்களுக்கு அது கஷ்டம்" என்று அவர்களில் ஒருவர் இரக்கத்தோடு சொன்னார். அந்த இரக்கம்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. மரம், மிருகம், சட்டம், துவக்கு எல்லாவற்றையும் ஜெர்மனில் பாடமாக்கி முதல் தரத்திலேயே பாஸ் பண்ணினேன். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி இன்று சமையற்காரராக இருக்கிற என் மனுசன், "இஞ்சேரும், துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், நீர் காசு குடுத்து அதை வாங்கிறீர்" என்று சிரித்தார்.

ஆனால் தனியாக வேட்டைக்குப் போக ஏலாது. ஒரு குழு வேண்டும். மரம் வெட்டும் தொழிலாளி ஜியான் என்பவரும் ஆசிரியை லூட்ஸியாவும் சேர்ந்த சின்னக் குழு ஒன்று என்னைப் பார்க்கச் சம்மதித்தது. பார்க்கத்தான், சேர்க்க அல்ல. ஜியானுக்கு அறுபது வயது, வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்பது போல் கதைப்பார். "சுட்டவர்தான் காட்டிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். அது முடிந்தால் அடுத்த வருசம் பேசுவோம்." அவர் பார்வை என் தோளில் நின்றது. நான் ஐம்பத்திரண்டு கிலோ. ஒரு பெண்மான் எழுபது கிலோ வரும். எனவே எனக்கு வேண்டியது பலம் இல்லை, பனியில் இழுக்க நல்லதொரு சறுக்கு வண்டில் என்று முடிவு செய்தேன்.

முதல் பிழையை எங்கடை ஆக்கள் மட்டும்தான் விட்டிருப்பார்கள். எங்களுக்கு எது வாங்கினாலும் பெரிசாக, பாரமாக, பேரப்பிள்ளை காலம்வரை கிடக்கிறதாக இருக்க வேண்டும். டாவோஸ் என்றாலே மரச் சறுக்கு வண்டில்தானே, ஹோட்டல் சுவரெல்லாம் அதைத்தானே மாட்டி வைத்திருக்கிறார்கள்! பழைய சாமான் கடையில் இருந்ததிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு போய் ஜியானுக்குக் காட்டினேன். அவர் சுற்றிவந்து பார்த்து "ஷோன்" என்றார். வடிவாக இருக்கிறதாம். நான் பூரித்துப்போனேன். இந்த ஊரில் ஒரு சாமான் உதவாது என்றால் முதலில் வடிவாயிருக்கு என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

விளங்கப்படுத்தியது என் மனுசன். மான் பாரத்துக்கு ஆள் வேண்டும் என்று அவரைக் கம்பளியால் சுற்றி, கயிறு போட்டு வண்டிலில் கட்டி, காட்டுச் சரிவில் இழுத்தேன். புதுப் பனியில் வண்டிலின் இரண்டு காலும் கத்தி போல் இறங்கிவிட்டன. மூச்சைப் பிடித்து இழுத்தேன், வேரொன்றில் கொழுவி வண்டில் குடைசாய்ந்து மனுசன் பள்ளத்துக்குள் உருண்டார். அந்த நேரம் பார்த்து நாயோடு நடந்து வந்த ஒரு பெண்மணி, கம்பளியால் சுற்றிக் கட்டிய ஒரு கறுத்த மனிதரையும் கயிறும் கையுமாக நிற்கும் என்னையும் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "உதவி வேண்டுமா?" என்று அவரைத்தான் கேட்டார், என்னையல்ல. மனுசன் பனிக்குள் இருந்தபடி தன் நல்ல ஜெர்மனில், "பயப்படாதீர்கள், நான்தான் மான்" என்றார். அந்த மனுசி நாயையும் இழுத்துக்கொண்டு போன வேகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது சிரிப்பு அடங்கி வேறொன்று ஞாபகம் வந்தது. இடப்பெயர்வில் மழைக்குள் நடந்த நாள். கால் முறிந்த அப்பாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனோம். சேற்றில் சில்லு புதைந்து, முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அக்காதான் பிளாஸ்டிக் தறப்பாளை விரித்தா. அப்பாவைக் கிடத்தி ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்தோம். வழுக்கிக்கொண்டு வந்தார். அப்பா பிழைத்தார், இன்றும் யாழ்ப்பாணத்தில் இருந்து எல்லாரையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். பாரம் எங்கே புதையும், எங்கே வழுக்கும் என்று எனக்கு ஒரு புத்தகமும் சொல்லித்தரத் தேவையில்லை. அதை மறந்து ஹோட்டல் சுவரைப் பார்த்து வண்டில் வாங்கினேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த நாள் விவசாயச் சாமான் கடைக்குப் போனேன். கால் இல்லாத, அடி தட்டையான, முன்பக்கம் மேலே வளைந்த பிளாஸ்டிக் தொட்டிதான் எனக்கு வேண்டும். "பிள்ளைக்கு எத்தனை வயது?" என்று கடைக்காரர் அன்பாகக் கேட்டார். "எழுபது கிலோ" என்றேன். அகலமானதை ஒதுக்கினேன், மரங்களுக்கு இடையில் சிக்கும். சுருட்டி முதுகுப்பையில் வைக்கக்கூடிய மெல்லிய விரிப்பையும் ஒதுக்கினேன், கல்லில் இறைச்சி அடிபடும். மிச்சமாக ஒடுக்கமான செம்மஞ்சள் தொட்டி ஒன்று. கடை நடுவிலேயே அதற்குள் படுத்து, விளிம்பு தோளைப் பிடிக்குதோ என்று பார்த்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பின்பக்கம் இரண்டு ஓட்டை போட்டு இன்னொரு கயிறும் கட்டினேன். ஏற்றத்தில் முன்கயிறு, இறக்கத்தில் பின்கயிறு, இல்லாவிட்டால் மான் எங்களை முந்திக்கொண்டு போய்விடும்.

மார்கழி முதல் கிழமை, முழங்கால் பனி. பள்ளத்தாக்கின் அடியில் ஓர் இளம் பெண்மான் என் ஒரே வெடியில் விழுந்தது. கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஜியான் வந்து பார்த்தார். லூட்ஸியா கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டினா. "வேண்டாம்" என்றேன். தலையை முன்னுக்கு வைத்துக் கட்டினேன், அப்போதுதான் மயிர் படுத்துக் கொடுக்கும், கால்கள் கிளையில் கொழுவாது. ஏற்றம் முழுக்க நான் பத்தடி ஏறி, மரத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு இழுத்தேன். திரும்பவும் பத்தடி. வேர்த்துக் கொட்டியது. ஜியான் இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விட்டபடி பின்னால் வந்தார். காட்டு ரோட்டில் தொட்டி ஏறி நின்றபோது மானில் ஒரு கீறல் இல்லை. எனக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது. கத்தினேன், யாழ்ப்பாணத் தமிழில். மலை திருப்பிச் சொன்னது.

ஜியான் ஊசியிலைக் கொப்பொன்றை முறித்து இரத்தத்தில் தொட்டு என் தொப்பியில் செருகினார், மான் சுட்டவருக்கு இங்கே செய்கிற மரியாதை அது. கை தந்தார். குழுவில் இருக்கிறேனா இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை. கேட்க எனக்கு மானம் விடவில்லை. அந்தக் கிழமை முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராவ் நகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். மனுசனுக்குப் பின்னேரம் வேலை, அவர் வீட்டில் நின்றுவிட்டார். கூறைச்சேலை மாற்றிப் பொம்பிளை மேடைக்கு வருகிற நேரம், முந்நூறு பேர் நிறைந்த மண்டபம், என் கைப்பை அதிர்ந்தது. ஜியான்.

"பள்ளத்தில் பெரிய ஆண்மான் கிடக்கிறது. எங்கடை தொட்டி எங்கே?"

எங்கடை என்றார். என்ரை தொட்டியை!

"கராஜில், என்ரை மனுசனைக் கேளுங்கோ! தலை முன்னுக்கு! பின்கயிறு லூட்ஸியாவிடம்!" மேளச் சத்தத்துக்கு மேலாகச் சுவிஸ் ஜெர்மனில் கத்தினேன். முன் இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது.

"வாற சனி விடிய ஐந்து மணிக்கு வேட்டை, பிந்தாதே" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

பட்டுச்சேலையோடு நின்று சிரிக்கிறேன், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. பக்கத்தில் இருந்த சித்தி முழங்கையால் இடித்தா.

"ஆர் பிள்ளை போனிலை?"

"எங்கடை ஆக்கள், சித்தி."

சித்தி மண்டபத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தா.

"எங்கடை ஆக்கள் எல்லாரும் இஞ்சைதானே நிக்கினம்?"