சாம்பல் கலர் பாட்டில்

ஏசி வேலைக்கு நானும் என் மச்சினனும்தான் போவோம். என் வீட்டுக்காரிக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

அன்றைக்கு ஜூஜுவாடிப் பக்கம் ஒரு வீடு. இரண்டாவது மாடி. பழைய மெஷின், கேஸ் நிற்கவில்லை. எங்கே லீக் என்று பார்க்க நைட்ரஜன் ஏற்றவேண்டும். எங்கள் சிலிண்டர் காலி. பாட்டில் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை, கேஸ் கடை பூட்டு. மச்சினன் முன்னே வேலை செய்த வெல்டிங் ஷெட் பக்கத்தில் இருந்தது. போய் ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தான். புதிதாய் வந்த ஆள் ஒருத்தன் வாசலிலேயே எடுத்துக் கொடுத்தானாம்.

சாம்பல் கலர். கழுத்து தெரியாதபடி ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தது. நைட்ரஜன் பாட்டில் சாம்பலாய்த்தான் வரும். நான் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினான். திருப்பத்தில் பாட்டில் சுவரில் உரசியது.

ஜன்னல் வழியாக இறங்கி சன்ஷேடில் நின்றான். இடுப்பில் கயிறு. அவுட்டோர் மெஷின் அவன் முழங்காலை ஒட்டி. ஓஸ் பைப்பின் ஒரு முனையை அவன் அந்தப் பக்கம் மாட்டினான். பாட்டில் உள்ளே, என்னிடம். ரெகுலேட்டர் மாட்டினேன். மரை சரியாக உட்கார்ந்தது.

"திற மாமா. காலு வேகுது."

பாட்டிலைத் திறக்கும் சாவியில் கை வைத்தேன். சுவரில் உரசிய இடம் கண்ணில் பட்டது. பாட்டிலின் வயிற்றில் பெயின்ட் உரிந்திருந்தது. அடியில் கருப்பு.

நைட்ரஜனுக்குக் கழுத்து மட்டும்தான் கருப்பு. உடம்பெல்லாம் கருப்பு என்றால் ஆக்சிஜன். மரை இரண்டுக்கும் ஒன்றுதான். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கும். அதில் ஆக்சிஜன் ஏறினால் வெடிக்கும். அப்படி வெடித்த ஒரு மொட்டை மாடியை நான் பார்த்திருக்கிறேன். அங்கே செத்தவர் முந்தின நாள் எங்களோடு டீ குடித்த ஆள்.

கையை எடுத்தேன்.

"ஓஸைக் கழட்டு. உள்ள வா."

"என்ன மாமா, சாவி திருப்பத் தெம்பு இல்லயா? நான் வந்து திருப்பட்டா?"

"உள்ள வாடா."

டா போட்டு நான் அவனைக் கூப்பிடுவதில்லை. ஓஸைக் கழட்டிவிட்டு வந்தான். உரிந்த இடத்தைக் காட்டினேன். ஷெட்டில் தப்பாகக் கொடுக்க மாட்டார்கள், பழைய பாட்டிலை நைட்ரஜனுக்கு மாற்றி மறுபடி பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று அவன் வாதம் செய்தான். இருக்கலாம். ஆனால் 'இருக்கலாம்' என்று சொல்லிக்கொண்டு அவனைத் திரும்ப சன்ஷேடுக்கு அனுப்ப முடியாது.

வீட்டு அம்மாவிடம் ஒரு ஊதுபத்தி கேட்டேன். தெலுங்குக்காரம்மா. பூஜை போட்டுத்தான் ரிப்பேர் செய்வீர்களா என்று சிரித்தார். பற்ற வைத்தே கொடுத்தார்.

பாட்டிலை பால்கனிக்கு எடுத்துப் போனோம். ரெகுலேட்டரைக் கழட்டினேன். ஊதுபத்தியின் சுடரை ஊதி அணைத்து முனையில் கங்கு மட்டும் வைத்தேன். மச்சினனைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவன் நிற்கவில்லை. கை நீட்டிப் பிடித்துக்கொண்டு சாவியை ஒரு நூல் திருப்பினேன்.

நைட்ரஜன் என்றால் கங்கு அணையவேண்டும்.

சுடர் விட்டு எரிந்தது. வெள்ளையாக.

மூடினேன். அந்த அம்மாவின் சிரிப்பு நின்றிருந்தது. மச்சினன் தரையில் உட்கார்ந்துவிட்டான். உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினான்.

"ஷெட்டு கேட்டுக்கு வாங்குன பெயின்ட் மிச்சம் இருந்துச்சு. பூஜைக்கு எல்லாம் பளிச்சுனு இருக்கணும்னு ஓனரு சொன்னாரு. எல்லா பாட்டிலுக்கும் அடிச்சேன். நான்தான் மாமா அடிச்சேன்."

அடுத்த மாதமே அந்த ஷெட்டை விட்டு என்னோடு வந்துவிட்டான். மறந்தே போனானாம்.

நான் திட்டவில்லை. அந்த அம்மாவிடம் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு பாட்டிலோடு ஷெட்டுக்குப் போனோம். உள்ளே வரிசையாகப் பாட்டில்கள். எல்லாம் ஒரே சாம்பல். மச்சினன் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்து ஒவ்வொன்றின் வயிற்றையும் சுரண்டினான். ஓனர் கன்னடத்தில் கத்தினார், அழகாக இருந்ததைக் கெடுக்கிறான் என்று. இவன் நிமிரவில்லை. கருப்பு வந்ததைச் சுவரோரம் தள்ளினான். நானும் ஒரு பிளேடு எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. நகத்தில் என்ன பெயின்ட் என்று அவன் அக்கா கேட்டாள்.

"ஷெட்ல கொஞ்சம் வேல பாக்கி இருந்துச்சுக்கா," என்றான்.

சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.