சுண்டல் தட்டும் பரோட்டாக் கல்லும்

கேன்டீன் தொழிலில் அடுப்பைவிட அதிகம் சுடுவது அடுத்தவர் சொல்லும் யோசனைதான். கேன்டீன் நடத்துகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சிவப்புக் கோடு

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்குக் கேன்டீன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஒரு திட்டம் வந்தது. நல்லதாகச் சாப்பிட வேண்டும், தட்டைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். போனைத் திறந்ததும் முதல் படமே பரோட்டா. குறுக்கே சிவப்புக் கோடு. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், ஆனாலும் என் பரோட்டாவை எனக்குத் தெரியாதா? படம் எடுத்துக் கொடுத்தவர் கல்லூரி மேனேஜர். என் கடையில் நாலு பரோட்டா தின்ற கையோடு எடுத்திருக்கிறார். அதை இன்றுவரை நான் மறக்கவில்லை. அவரே வந்து சொன்னார்: "பிள்ளைங்க ஒழுங்காச் சாப்பிட்டுப் படம் அனுப்பணும், இல்லைன்னா உங்க கல்லைத் தூக்கிருவோம் அண்ணாச்சி."

ஜன்னலோரத் தட்டு

பரோட்டாக் கல் போனால் கேன்டீனே போன மாதிரி. ஒரு தட்டில் சுண்டல், பக்கத்தில் வெள்ளரி, கேரட் எல்லாம் அடுக்கி, வெளிச்சம் விழும் ஜன்னலோரம் வைத்தேன். பிள்ளைகள் வரிசையில் வந்து அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பரோட்டாவுக்கு உட்காருவார்கள். சுண்டல் காய்ந்தால் தண்ணீர் தெளிப்பேன். ஒருநாள் ஒரு பெண் பிள்ளை நிஜமாகவே ஒரு கை அள்ளிவிட்டாள். பின்னால் நின்றவள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏட்டி, தின்னுராத, நாங்க இன்னும் படம் எடுக்கல."

நின்ற இடத்து நடை

சாரல் நேரத்தில் யார் நடப்பது? போன் ஆடினாலே அடி ஏறும் என்று ஒருத்தன் கண்டுபிடித்தான். பரோட்டா மாஸ்டர் சுடலை சிவகிரிக்காரர். அவர் மாவு வீசும் கையில் துணியால் போனைக் கட்டிவிட்டோம். ஒரு பிள்ளையின் போன் பத்தாயிரத்தைத் தொட்டால் அடுத்த பிள்ளையின் போன். சாயங்காலம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, இந்நேரம் எங்க ஊருக்கே நடந்து போய்ச் சேந்திருப்பேன்."

பாராட்டு

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். எங்கள் பிள்ளைகளைப் போல ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் வேறெங்கும் இல்லை என்று திட்டத்துக்காரர்கள் பாராட்டினார்களாம். கல் தப்பித்தது என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அவர் போனை நீட்டினார். தள்ளத் தள்ளச் சுண்டல். "ஒரு படத்துலகூடப் பரோட்டா இல்லியே அண்ணாச்சி, பெறகு கல்லு எதுக்கு?"

பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் கல்லைத் தூக்கிப்போய் ரோடு பிரியும் இலஞ்சி விலக்கில் கடை போட்டேன். இப்போது அத்தனை பேரும் ஒரு மைல் நடந்து வந்து தின்றுவிட்டு ஒரு மைல் நடந்து திரும்புகிறார்கள், மேனேஜர் மட்டும் பைக்கில் வருகிறார், அவருக்கு ஆறிப்போன பரோட்டாதான்.