பூஜையில் இருந்த ஹேண்டல்

பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி என்னால் ஆகாது என்று மருத்துவச்சி சொன்னபோது எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. மெர்டேக்கா, அதுதான் நம் நாட்டுச் சுதந்திரம், கிடைத்த வருடம் அது. ஆயுத பூஜை அன்று மத்தியானம். காஜா பெராங்கில், செட்டிமார் வீடுகளை ஒட்டிக் குடியிருந்தோம். பல தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழ் மறந்தவர்கள் அவர்கள். மருத்துவச்சியும் செட்டி அம்மாள்தான், மலாய்தான் பேசுவார். "செப்பாட், செப்பாட்" என்று அவசரப்படுத்தினார். ரிக்‌ஷாவில் உட்கார வைத்தால் பிள்ளை தங்காது, படுக்க வைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

வேன் வாசலிலேயே நின்றது. ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைகளுக்கு மூட்டை ஏற்ற, என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஓட்டிய பழைய வேன். அதன் ஸ்டார்ட்டர் தேய்ந்து பல மாதம் ஆகியிருந்தது. பித்தானை அழுத்தினால் கிர்ர் என்று வீணாகச் சுற்றும், எஞ்சின் அசையாது. மாற்றிவிடலாம் என்று இவர் சொல்லும்போதெல்லாம், "கை என்னத்துக்கு இருக்கு?" என்பார் அண்ணன். அதனால் முன்பக்கம் இரும்பு ஹேண்டலைச் செருகிச் சுற்றித்தான் தினமும் கிளப்புவார்கள்.

அந்த ஹேண்டலைத்தான் காலையில் ஸ்பானர், சுத்தியலோடு சாமி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடுவதில்லை. உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான்.

இவர் முதலில் சத்தமில்லாமல் போய்ப் பித்தானை அழுத்திப் பார்த்தார். உள்ளே படுத்திருந்த எனக்கு அந்தக் கிர்ர் கேட்டது. மறுபடியும் கேட்டது. ஸ்டார்ட்டர் நன்றாக இருந்திருந்தால் யாரையும் கேட்காமல் போயிருப்போம். தள்ளியும் பார்த்தார். மழை பெய்த மண்ணில் சக்கரம் புதைந்து நகரவில்லை. பிறகுதான் அண்ணனிடம் வந்து நின்றார்.

"ஹேண்டல எடுக்கணும்ண்ணே."

"பூஜையில வெச்ச ஆயுதம்டா அது. நாளைக்கு மறுபூஜை ஆகாம கை வெக்காத."

"அவ செத்துருவா போலருக்குண்ணே."

"உலகத்துல உன் பொண்டாட்டிதான் மொதமொத பிள்ள பெக்கிறாளா? மாரியம்மா கோவிச்சுக்கிட்டா அப்புறம் வேனே ஓடாதுடா."

இவர் ஒரு வார்த்தை பேசுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். பேசவில்லை. என் வயிற்றுக்குள் பிள்ளை அசைவது குறைந்துகொண்டே வந்தது.

எனக்குப் பெரிய மந்திரம் எதுவும் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். "மாரியம்மா, இவங்க யாரும் எனக்கு இல்ல. நீதான் இருக்க. நீ வா" என்று மட்டும் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேனா மனசுக்குள் சொன்னேனா தெரியாது.

என் காலைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து போனார். அக்கா என்பது அந்த அண்ணனின் மனைவி. புருஷன் எதிரில் உட்காரக்கூட மாட்டார். அவர் குரல் தெருவரைக்கும் கேட்டது அன்றைக்குத்தான்.

"இப்ப மட்டும் உங்க வேன் ரொம்ப ஓடுதாக்கும்? அம்மாளுக்குக் கோவம்னா என் மேல வரட்டும். எனக்குப் பிள்ளையா குட்டியா, பறிகொடுக்க? இந்தாங்க தம்பி, புடிங்க. சுத்துங்க!"

சந்தனம் காயாத ஹேண்டல் அது. இவர் ஓடிப்போய்ச் செருகிச் சுற்றினார். இரண்டு தரம் திருப்பி அடித்தது. அடுத்த சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு வந்த செட்டி வீட்டு ஆண்கள் சக்கரத்தைத் தூக்கிவிட்டார்கள். மாலை கட்டிய வேனில் சாக்கு மேல் படுத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. நானும் பிழைத்தேன், அவளும் பிழைத்தாள்.

வேன் நின்றுபோகவில்லை. யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. ஆனாலும் அந்த அண்ணன் வெகு காலம் அக்கா கையால் சாப்பிடவில்லை. என் மகளைக் கடைசிவரை பேர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. வீட்டில் ஒரு கண்ணாடி உடைந்தாலும் ஆயுதம் தொட்ட பாவம் என்பார். இன்னொன்றும் சொல்லவேண்டும். அடுத்த மாதம் மூட்டை ஏற்ற நேரமாகிவிட்டது என்று ஒரு கடை முதலாளி திட்டினார். அந்த வாரமே புது ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. மிளகாய் மூட்டைக்கு வந்தது, எனக்கு வரவில்லை.

அம்மாளின் பிள்ளைகளே, நான் சபையில் எழுந்து பேசத் தெரியாதவள். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். அன்றிலிருந்து விளக்கேற்றாமல் நான் வாயில் தண்ணீர் விடுவதில்லை. மனிதர் முகம் பார்த்துப் பயப்படுவதையும் விட்டுவிட்டேன். கஷ்டம் வந்தால் அவளைக் கூப்பிடுங்கள், வருவாள். நாம் எதிர்பார்த்த ஆள் மூலமாக வராமல் போகலாம். எனக்குத் தாலி கட்டியவர் மூலமாக அவள் வரவில்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்றும் ஆறவில்லை. அதையும் அவளிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.