மருமகள் வாயில் மாமனார்

மின்விசிறி பழுது பார்ப்பவருக்கு, அப்பா செத்த பிறகுதான் அப்பாவோடு பேசக் கிடைத்தது. இருந்தவரை அந்த மனிதர் மகனை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. போய் ஆறு மாதத்தில் மருமகள் வாய் வழியாக வந்தார். தையல் மிஷின் முன்னால் இருந்தவள் திடீரென்று மாமனாரைப் போலவே தொண்டையைச் செருமி, கரகரத்த குரலில் புருஷனைக் கையாலாகாதவன் என்று திட்டினாள். அப்பாவேதான், சந்தேகமே இல்லை!

பேயோட்ட வந்தவர் ஆவி வெளியேற மறுக்கிறது என்று கைவிரித்தார். யாருக்கும் வருத்தமில்லை. இருந்தபோது எட்டிப் பார்க்காத அக்கா, இப்போது வாராவாரம் வந்து வீடு யாருக்கு என்று அப்பாவைக் குடைந்தாள். தம்பியான இவரும் லேசுப்பட்டவர் இல்லை. கடையிலிருந்து வந்ததும் மனைவியின் எதிரில் உட்கார்ந்து “அப்பா” என்பார். திட்டு விழுந்தாலும் மனம் குளிரும். அவள் தூக்கம் கெட்டுத் துரும்பாக இளைத்ததைப் பார்த்தும் பாராத மாதிரி இருந்தார்.

ஒருநாள் அக்கா கிளம்பியதும் அவள் தன் சொந்தக் குரலில் பேசினாள்.

“எல்லாரும் அவர்கிட்டதான் பேசுறீங்க. என்கிட்ட யாருமே பேசல. காதுக்குள்ள விடாம திட்டிக்கிட்டே இருக்காரு. எனக்குப் பயமா இருக்குங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். இது நோய், சரியாக்கலாம், மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். அப்படியானால் பேசியது அப்பா இல்லையா என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை என்றார் டாக்டர். மருந்து வாங்க நின்றபோது, மனைவி பிழைத்துக்கொள்வாள் என்ற நிம்மதியும் அப்பா இனி வரமாட்டார் என்ற துக்கமும் சேர்ந்தே வந்தன.

சில மாதங்களில் குரல் தேய்ந்து ஓய்ந்தது. மாத்திரையால் அவளுக்குக் கை லேசாக நடுங்கியதால், ஊசியில் நூல் கோப்பது அவர் வேலையாயிற்று. ஃபேனுக்குள் காயில் கம்பியையே சுற்றுகிறவருக்கு ஒரு நூல் கோக்க வரவில்லையே என்று அவள் கிண்டலடிப்பாள். திட்டு வாங்கியதைவிட அது நன்றாக இருந்தது.

வெகுநாள் கழித்து அக்கா வந்தாள். அப்பாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். அவர் வாசலிலேயே மறித்தார்.

“அப்பா செத்துட்டாருக்கா.”

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா செத்த அன்று வராத அழுகை. அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் கிளம்பப் பார்த்தாள். உள்ளே மிஷின் சத்தம் நின்றது.

“வந்தது வந்தீங்க, என்னைப் பாத்துட்டுப் போங்க அண்ணி.”