மூன்றாவது தட்டு

சிரம்பானை அடுத்த பாரோயில் முகுந்தன் வீட்டில் டிரம் என்று ஒன்று கிடையாது. ஆனால் அவன் கணினிக்குள், பதிந்து வைத்த சத்தங்களாக, இருபத்து மூன்று டிரம் செட்டுகள் இருந்தன. தொழிற்சாலை ஸ்டோரில் ஷிப்ட் முடித்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான். பழைய பாணியில் பாட்டு செய்து தருவதில் சிரம்பான் வட்டாரத்தில் அவனுக்கு நல்ல பெயர். சுத்தமான சத்தம் அவனுக்கு ஆகவே ஆகாது. கடையில் துடைத்து அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம் என்று திட்டுவான். தோல் தளர்ந்த, மேலே துணி போட்டு அமுக்கிய, ஒரே மைக்கில் பிடித்த சத்தமாகத் தேடித் தேடி எடுப்பான். இதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. செத்துப்போன டிரம்மைக்கூட எழுப்பிவிடுவேன் என்று வாய் கூசாமல் சொல்வான். சொல்லியிருக்க வேண்டாம்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் லோபாக்கிலிருந்து ரோகினி ஒரு கேசட்டோடு வந்தாள். போர்டிக்சன் போகும் வழியில் இருந்த ரப்பர் தோட்டத்தில் அவள் அப்பா இராஜமாணிக்கம் பேண்டில் டிரம் வாசித்தவர். ரோகினி கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். கேசட்டில் பாடியவர் குரல் எப்படியோ பிழைத்திருந்தது. டிரம் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது.

"அம்மாவுக்கு ஒடம்பு முடியல அண்ணே. அப்பா வாசிச்சத ஒரு தடவ கேக்கணுமாம். வேற ஒண்ணும் கேக்கல லா," என்றாள்.

முகுந்தன் குரலை மட்டும் பிரித்தெடுத்து, அதற்குப் புது டிரம் சேர்த்து, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு லோபாக் போனான். ரோகினியின் அம்மா செல்லம் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டாள். நடக்க ஆள் பிடிக்க வேண்டும் அவளுக்கு. காது மட்டும் பாம்புக் காது. முதல் செட்டுக்கு "இது அவரு இல்ல" என்றாள். அடுத்த வாரம் வேறொன்று, அதற்கடுத்த வாரம் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அதே பதில்.

"பாட்டு தொடங்க முன்ன குச்சியால மூணு தட்டு தட்டுவாரு தம்பி. மூணாவது கொஞ்சம் பிந்தி விழும். ரப்பர் ஷீட்டு மெஷின்ல கட்டவிரலு போன கை."

முகுந்தன் அங்கேயே மூன்றாவது தட்டை மௌஸால் இழுத்துத் தள்ளி வைத்துப் போட்டுக் காட்டினான்.

"நீ வேணும்னே பிந்துற. அவருக்குத் தானா வரும்."

ரோகினி தேத்தண்ணி போட உள்ளே போனதும் கிழவி குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்குக் கச்சேரி முடிஞ்சி குடிச்சிட்டு வந்தாரு. அதே மூணு தட்டு, கதவுல. கோவத்துல நான் தொறக்கல. பொகக் கொட்டாயில போயிப் படுத்துட்டாரு, ரப்பர் ஷீட்டு காய வெக்கிற எடம். பொக அடிச்சி, விடியக்காலையில பொணமாத்தான் தூக்கிட்டு வந்தாங்க." மகளுக்குத் தெரியாது என்று கையால் சைகை காட்டினாள். "அந்தத் தட்ட ஒரு தடவ கேட்டுட்டாப் போதும். நிம்மதியா கண்ண மூடுவேன்."

முகுந்தன் தலையாட்டினான். இதற்குப் பிறகு எப்படி விடுவது?

டிரம் சத்தத்தில் பாதி, அது இருந்த இடத்தின் சத்தம். ஓர் அறையில் கை தட்டி, அதன் எதிரொலியைப் பதிந்து வந்தால், கணினியில் உள்ள டிரம்மை அந்த அறையிலேயே வைத்து வாசித்ததுபோல ஆக்கிவிடலாம். நெருப்பு மூட்டாத ஞாயிற்றுக்கிழமைகளில் பேண்ட் ஒத்திகை நடந்ததும் அந்தக் கொட்டகையில்தான் என்று செல்லம் சொல்லியிருந்தாள்.

ரப்பர் போய், தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. தொழிலாளர் லயத்து வீடுகள் இருந்த சுவடே இல்லை. புகைக்கொட்டகை மட்டும் கூரையோடு நின்றது. பகல் பதினொரு மணி, நல்ல வெயில். உள்ளே சுவரெல்லாம் கரி; இத்தனை வருஷமாகியும் புகை நாற்றம் போகவில்லை. மைக்கை வைத்து மூன்று முறை கை தட்டினான். எதிரொலி அருமையாக வந்தது. அந்தத் திருப்தியில், பதிவு முடிந்ததும் வாசித்தவர்களிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டான்.

"சரிண்ணே, வாங்க, தேத்தண்ணி குடிப்போம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சாவு விழுந்த இடத்தில் யாரையும் வா என்று கூப்பிடக் கூடாது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்புவதுதான் வழக்கம், தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். சாமான்களை அள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் காருக்கு ஓடினான். பாரோய் வரும்வரை காருக்குள் புகை நாற்றம். கண்ணாடியை இறக்கியும் போகவில்லை.

வீட்டில் மூன்று தட்டையும் சம இடைவெளியில் வைத்து, அந்த எதிரொலியை ஏற்றி ஓட்டினான். டக், டக்… டக். மூன்றாவது பிந்தி விழுந்தது. திரையைப் பார்த்தான். மூன்றும் கோட்டின் மேல் அளந்து வைத்ததுபோல் சரியாகத்தான் இருந்தன. அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். அப்போதும் பிந்தியது. எல்லாவற்றையும் அழித்துத் தொலைக்கலாம் என்று விரல் போனது. கிழவியின் முகம் நினைவுக்கு வந்ததும் விரலை எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பயம்தான், ஆனால் இரக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவன் லோபாக் வந்ததும், ரோகினி அம்மாவை அவனிடம் விட்டு, வெளிக் கேட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். முகுந்தன் கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பாட்டைப் போட்டான். மூன்று தட்டு விழுந்தது. செல்லம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவருதான்," என்றாள்.

பாட்டு முடிந்தது. முகுந்தன் மடிக்கணினியை மூடினான்.

வாசல் கதவில் கேட்டது. டக், டக்… டக்.

கூப்பிட்டது தன் வாய்தான் என்று முகுந்தனுக்குத் தெரியும். எழ முயன்றான், முடியவில்லை. செல்லம் எழுந்தாள். யாரையும் பிடிக்காமல், சுவரைக்கூடத் தொடாமல் நடந்தாள். "வேணாம்மா, தொறக்காதீங்க," என்றான். அவள் காதில் வாங்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெளியே வெயில் காய்ந்தது. கேட் பூட்டியபடியே இருந்தது. ஒருவரையும் காணோம், புகை நாற்றம் மட்டும் வந்தது. கிழவி கதவை அகலத் திறந்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றாள்.

"உள்ள வாங்க," என்றாள். "சாப்டீங்களா?"

முகுந்தன் நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டான்.